முளைக்கு ஒளி உரைக்கும் செய்தி

யாழ்ப்பாணத்து இந்து இல்லங்களில் நிகழும் மங்கல கருமங்களுள் முளைப்பாலிகை இடுதல் ஒன்று. திருமணத்துக்கு முன்னர்ச் சுமங்கலிப் பெண்கள் மூவரோ ஐவரோ கூடி, மண் நிரப்பிய சிறு சட்டிகளிலே ஊறவைத்த நவதானியத்தை இட்டு, பாலும் நீரும் தெளித்து, ஓர் அறையின் மூலையிலே வைப்பார்கள். திருமண நாளன்று அச்சட்டிகள் மணவறைக்கு வந்து சேரும். நவராத்திரிக் காலத்திலும், கும்பத்தைச் சூழப் பரப்பிய மண்ணிலே தானியம் விதைத்து, விசயதசமி வரையில் நீர் தெளித்து வருகின்றோம். ஆலயங்களிற் கொடியேற்றத்துக்கு முன் நிகழும் அங்குரார்ப்பணமும் முளையிடும் கிரியையே. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அம்மன் திருவிழாவுக்கென வளர்க்கும் முளைப்பாரியும் இவ்வினத்தைச் சேர்ந்தது. அதனை வெயில் படாத அறையில் வைத்து வளர்ப்பது அங்குள்ள வழக்கம்.

இம்முளைகளை உற்று நோக்கியவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பார்கள். அறைக்குள் வளர்ந்த பயற்றின் தண்டு மெலிந்து, நெடிதாக நீண்டு, வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தோடு நிற்கும். அதன் தலை கொக்கிபோல் வளைந்திருக்கும். இலைகள் விரியாது கூம்பியிருக்கும். அதே நாளில், அதே பயற்றிலிருந்து ஒரு பிடியை எடுத்து முற்றத்து வெயிலில் விதைத்திருப்போமாயின், அது குட்டையாக, தடித்த தண்டோடும் விரிந்த பச்சை இலையோடும் நிற்கும். வித்து ஒன்று, மண் ஒன்று, நீரும் ஒன்று. கோலம் மட்டும் இரண்டாயது எவ்வாறு?

வகுப்பிலே இவ்வினாவை எழுப்பினால் மாணவர் பெரும்பாலோர் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. "ஒளியில்லாவிட்டால் ஒளித்தொகுப்பு இல்லை, உணவு இல்லை, ஆகவே செடி வாடி வெளிறிவிட்டது" என்பர். இவ்விடையிற் பாதி உண்மையும் இல்லை. உணவின்றி வாடிய உயிர் குறுகிப் போக வேண்டுமேயன்றி, இருமடங்கு மும்மடங்கு நெடிதாக வளர்வது எங்ஙனம்? மேலும், முளைத்த முதற் சில நாள்களுக்குச் செடிக்கு வேண்டிய உணவை வித்தே கட்டுச்சோறாகத் தந்துள்ளது. அக்காலத்தில் அது சூரியனை நம்பி வாழ்வதில்லை. இவற்றினும் வலிய சான்று வேறொன்று: இருளில் வளரும் முளையின்மீது சில நிமிட நேரம் மங்கிய சிவப்பொளியைப் பாய்ச்சிவிட்டு மீண்டும் இருளில் வைத்தாலும், தண்டின் நெடுவளர்ச்சி தளர்கின்றது, வளைந்த தலை நிமிரத் தொடங்குகின்றது. அந்தச் சில நிமிட ஒளியிலே தயாரிக்கத்தக்க உணவு ஒன்றுமேயில்லை.

ஆகவே ஒளி செடிக்கு உணவாவதற்கு முன்னரே செய்தியாகின்றது. அச்செய்தியை வாங்கும் உறுப்பு யாது, அதனை வாசிப்பது எவ்வாறு, வாசித்தபின் கலத்துக்குள் நிகழ்வன யாவை என்பவற்றை அறிய மனிதருக்கு நூறு ஆண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. அவ்வரலாறு நம் தோட்டங்களோடும் தொடர்புடையதாதலின், அதனை இங்கே சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

இருளுக்கு ஒரு கோலம்

முதலில் வெளிறிய முளையின் பக்கம் நின்று சிந்திப்போம். அது நோயுற்ற செடியன்று; தான் மண்ணுக்குள் இருப்பதாக எண்ணி, அதற்கேற்ப ஒழுகும் செடி. மண்ணுக்குள் இருக்கும் முளைக்கு ஒரே கடமைதான் உண்டு: கையிருப்பு உணவு தீருமுன் மேற்பரப்பை அடைதல். ஆகவே அது தன் உணவு முழுவதையும் தண்டின் நீட்சிக்கே செலவிடுகின்றது. இலையை விரித்தால் மண்ணில் உராய்ந்து கிழியும். எனவே இலையைக் கூப்பி வைத்திருக்கின்றது. இளங்குருத்து மேல்நோக்கி நின்றால் நசுங்கும். எனவே தலையைக் கவிழ்த்து, வளைந்த தண்டினால் மண்ணை முட்டித் திறக்கின்றது. பச்சையத்தை ஆக்குவது வீண் செலவு. எனவே அதற்கு முந்திய ஒரு பொருளை மட்டும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு நிறுத்திவிடுகின்றது. பூக்குந் தாவரங்களிலே பச்சையத்தை ஆக்கும் இறுதிப் படிகளுள் ஒன்றை நிறைவேற்றும் நொதியத்துக்கு ஒளி இன்றியமையாதது. அது கிட்டும்வரை முளையிற் காண்பது மஞ்சள் நிறப்பொருள்களின் சாயலே.

இவ்வாறு இருளில் முளை கொள்ளும் வடிவை 'இருட்கோலம்' என்றும், ஒளியிற் கொள்ளும் வடிவை 'ஒளிக்கோலம்' என்றும் நாம் அழைக்கலாம். இருட்கோலத்தில் உள்ள ஓர் இளஞ்செடியை நாம் ஆண்டுதோறும் சுவைத்தும் வருகின்றோம். பனம்வித்துகளைப் பாத்தியில் அடுக்கி மூடி, சில மாதங்களின் பின் கிண்டியெடுக்கும் பனங்கிழங்கு, ஒளி காணாது மண்ணுக்குள் வளர்ந்த பனங்கன்றேயன்றி வேறன்று.

மண்ணின் மேற்பரப்பைத் தொட்டதும் முளை தன் கோலத்தை மாற்றியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசமோ சொற்பம். மாற்றம் பிந்தினால் கையிருப்பு தீர்ந்து செடி மடியும். முந்தினால் மண்ணுக்குள்ளேயே இலை விரிந்து அழியும். எனவே ஒளியின் வரவைத் தவறின்றி அறியும் ஒரு கருவி அதற்கு வேண்டும்.

புகையிலையிற் பிறந்த தேட்டம்

இத்துறையில் முதலடி வைத்தவர்களுள் சாள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் குறிப்பிடத்தக்கவர்கள். புல்லின முளைகளின் நுனியைச் சிறு குல்லாயினால் மூடிவிட்டால், அவை ஒளியை நோக்கி வளையாதிருத்தலை அவர்கள் கண்டு, 1880 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். ஒளியைக் காண்பது நுனி. வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி. அவ்வாறாயின் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒரு செய்தி செல்ல வேண்டும் என்பது அவர்தம் முடிபு. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் ஒல்லாந்து நாட்டு விற்ஸ் வென்ற் அச்செய்தியைச் சுமந்து செல்லும் பொருளைப் பிரித்துக் காட்டினார். அதுவே ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பொருளாகும்.

ஆயினும் ஒளியைக் காணும் 'கண்' எது என்பது புலப்படவில்லை. அதற்கு வழிகாட்டியது நம் வடமராட்சித் தோட்டக்காரர் நன்கறிந்த ஒரு பயிர், புகையிலை. வாசிங்டன் நகருக்கு அண்மையில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பண்ணையிலே 'மேரிலாந்து மாமத்' என்ற ஒரு புகையிலை வகை வளர்க்கப்பட்டது. கோடை முழுவதும் அது இலை மேல் இலையாக விட்டு ஆளுயரத்துக்கு மேலும் வளர்ந்ததேயன்றிப் பூக்கவில்லை. பனிக்காலத்திற் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தபோது பூத்தது. கார்னர், அலாட் என்னும் இருவரும் இதனை ஆராய்ந்து, பகற்பொழுதின் நீளமே பூத்தலைத் தீர்மானிக்கின்றது என்று 1920 ஆம் ஆண்டில் அறிவித்தனர். செடி பகலையும் இரவையும் அளக்கின்றது! அவ்வாறாயின், ஒளியை உணரும் ஒரு பொருள் அதன் உடலிலே இருந்தாக வேண்டும்.

அதனைத் தேடும் பணியை மேரிலாந்து மாநிலத்தின் பெல்ற்ஸ்வில் நிலையத்தில் தாவரவியலாளர் ஹரி போத்விக், இரசாயனவியலாளர் ஸ்ரேளிங் ஹென்றிக்ஸ் ஆகியோர் தலைமையில் ஒரு குழுவினர் மேற்கொண்டனர். 1952 ஆம் ஆண்டில், வித்தாராய்ச்சியில் வல்ல தூல் தம்பதியரோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட முடிபு வியப்புக்குரியது. சலாதுக் கீரையின் ஒரு வகை வித்துக்கு ஒளி இன்றேல் நன்கு முளைக்காத இயல்பு உண்டு. ஈரமான அவ்வித்துகளுக்குச் சிவப்பொளியைக் காட்டினர். நூற்றுக்கு எழுபதளவில் முளைத்தன. சிவப்பொளிக்குப் பின், கட்புலனின் எல்லையில் உள்ள ஆழ்ந்த சிவப்பொளியை, அதாவது தூரச்சிவப்பைக் காட்டினர்; நூற்றுக்கு ஆறு ஏழே முளைத்தன. மீண்டும் சிவப்பு, மீண்டும் முளைத்தன. மீண்டும் தூரச்சிவப்பு, முளைக்க மறுத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகக் கண்ட நிறத்தின் கட்டளைக்கே வித்துப் பணிந்தது.

மின்விளக்கின் ஆளியை மேலும் கீழும் தட்டுவது போன்ற இச்செயலை ஒரே நிறப்பொருள் இரண்டு வடிவங்களில் மாறி நின்று நிகழ்த்துகின்றது என்று அவர்கள் ஊகித்தனர். அதனைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லையாதலின், அது வெறுங் கற்பனை நிறம் என எள்ளியோரும் உளர். 1959 இல் அக்குழுவினர், இருளில் வளர்ந்த மக்காச்சோள முளைகளை நுண்ணிய ஒளியளவி ஒன்றில் வைத்துப் பார்த்து, அப்பொருள் உள்ளதென நிறுவினர். பச்சைச் செடியிற் பச்சையத்தின் நிறம் மற்றெல்லாவற்றையும் மறைத்துவிடும். வெளிறிய இருள்முளையிலோ மறைப்பு இல்லை. நாம் நோயென்று கருதிய வெளிறலே இங்கே கண்டுபிடிப்புக்கு உதவியது. அப்பொருளுக்குப் 'பைற்றோகுரோம்', அஃதாவது 'தாவர நிறம்', என்னும் பெயர் வழங்கலாயிற்று.

ஒளியை வாசிக்கும் புரதம்

பைற்றோகுரோம் ஒரு புரதம். ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி அது. இவ்விரண்டாக இணைந்து நிற்பது. அதன் மடியிலே ஒரு சிறிய நிறப்பொருள் பொருந்தியுள்ளது. அந்நிறப்பொருள் நம் பித்தநீருக்கு நிறமளிக்கும் பொருள்களுக்கு உறவினம். இருளில் ஆக்கப்படும் பைற்றோகுரோம் உறங்கும் வடிவினது. ஏறத்தாழ 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளி படும்போது, நிறப்பொருளின் ஒரு முனையிலுள்ள வளையம் சற்றே திரும்புகின்றது. திறப்பு ஒன்று பூட்டுக்குள் திரும்பியதுபோல, அச்சிறு திருப்பத்தாற் புரதம் முழுவதும் உருமாறி விழித்துக்கொள்கின்றது. ஏறத்தாழ 730 நனோமீற்றர்த் தூரச்சிவப்பு பட்டால் மீண்டும் உறங்கும் வடிவை அடைகின்றது.

விழித்த பைற்றோகுரோம் செல்லுமிடம் கலத்தின் கரு. பரம்பரை ஏடுகளுட் பெரும்பாலானவை அங்கேயே உள்ளன. இருளிலே அக்கருவினுள் 'பிஃப்' எனப்படும் புரதங்கள் அமர்ந்து, தண்டை நீட்டுவதற்கான பரம்பரையலகுகளை இயக்கியும், இலை விரிதற்கும் பச்சையத்துக்கும் உரியவற்றை அடக்கியும் வருகின்றன. பிஃப் வகையின் முதற் புரதத்தை 1998 இல் பீற்றர் குவெயிலின் ஆய்வுகூடத்தார் கலிபோர்னியாவிற் கண்டறிந்தனர். பைற்றோகுரோம் வந்து பிஃப்பைத் தொட்டதும், அதன்மீது 'அழிக்கத்தக்கது' என்ற முத்திரை விழுகின்றது. சில நிமிடங்களுக்குள் அது சிதைக்கப்படுகின்றது. மண்ணைப் பிளந்து வெளிவந்த முளை, கோலம் மாறுதற்கான முதற் கட்டளையை இத்துணை விரைவில் நிறைவேற்றுகின்றது.

தேரும் முட்டுக்கட்டையும்

இம்மூலக்கூற்றுக் கதையின் மிக நுட்பமான பகுதி இனித்தான் வருகின்றது. இதற்கு உதவியது அராபிடொப்சிஸ் எனப்படும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு களை. பயனற்ற பூண்டாயினும், சில வாரங்களுக்குள் முளைத்துக் காய்த்து முடிவதால் ஆய்வாளர்க்கு அது பெரும் பொருளாயிற்று.

1980 இல் ஒல்லாந்து நாட்டு மார்ட்டன் கோர்னீவ் என்பவர், இச்செடியின் திரிபு வகைகளுள் ஒளியில் வளர்ந்தும் இருளில் வளர்ந்தனபோல நெடிய தண்டோடு நின்ற முளைகளைத் தெரிந்தெடுத்து வெளியிட்டார். அவை ஒளிக்குக் குருடானவை. அவற்றுட் சிலவற்றிற் பைற்றோகுரோமே பழுதுற்றிருந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இஃது எதிர்பார்க்கத் தக்கதே.

எதிர்பாராதது 1989 இல் வந்தது. அமெரிக்காவில் ஜோன் சோரியும் துணைவரும், காரிருளில் வளர்ந்தும் ஒளியில் வளர்ந்தனபோலக் குட்டையாகி இலை விரித்து நின்ற திரிபு முளைகளைக் கண்டறிந்தனர். இரண்டாண்டுகளின் பின் சிங்-வாங் டெங் என்பவர் குவெயில் முதலியோருடன் சேர்ந்து அத்தகைய வேறொரு திரிபை வெளியிட்டார். அதிற் பழுதுற்ற பரம்பரையலகுக்குக் 'கொப்-1' என்பது பெயர். 'எப்போதும் ஒளிக்கோலம்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். ஓர் உறுப்பு பழுதானதும் ஒளியின்றியே ஒளிக்கோலம் தோன்றுகின்றதெனின், அவ்வுறுப்பின் வேலை ஒளிக்கோலத்தைத் தடுத்து நிறுத்துவதேயாதல் வேண்டும். நம் கோயில் தேரை நினைவு கூர்வோமாக. வடம் பூட்டி, அடியார் கூடி, புறப்பட ஆயத்தமாய் நிற்கும் தேரின் சில்லுக்கு அடியிலே முட்டுக்கட்டை கொடுக்கப்பட்டிருக்கும். கட்டையை எடுத்ததும் தேர் நகரும். வித்துக்குள்ளும் அவ்வாறே. பச்சையாக, விரிந்து, நிமிர்ந்து நிற்பதற்கான திட்டம் முழுவதும் முன்னரே ஆயத்தமாயுள்ளது. இருள் அதற்கு முட்டுக்கட்டை கொடுத்துள்ளது. ஒளி வந்து கட்டையை எடுக்கின்றது.

கொப்-1 என்னும் அம்முட்டுக்கட்டை தொழிற்படும் வகையும் இப்போது தெளிவு. செடியை ஒளிக்கோலத்துக்கு இட்டுச்செல்லும் தலைவனாக 'எச்.வை.-5' என்றொரு புரதம் உண்டு. இருளிலே கொப்-1 கருவினுள் இருந்துகொண்டு, எச்.வை.-5 உண்டாகுந்தோறும் அதற்கு அழிவு முத்திரை இட்டுச் சிதைவுக்கு அனுப்பிவிடுகின்றது. ஒளி பட்டதும் விழித்தெழும் பைற்றோகுரோம் முதலியன கொப்-1 இன் கையைக் கட்டிப்போடுகின்றன. நாளடைவில் அது கருவை விட்டும் நீங்குகின்றது. எச்.வை.-5 பெருகி, ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளின் இயக்கத்தை மாற்றியமைக்கின்றது. டெங்கின் குழுவினர் 2000 ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். இந்தக் கொப்-1 இன் உறவுப் புரதம் மனித உடலின் கலங்களிலும் உண்டு என்பது உயிரினங்களின் ஒருமையை உணர்த்தும் செய்தியாகும்.

நீல ஒளியும் இந்திய ஆய்வாளரும்

செடி சிவப்பை மட்டும் காண்பதில்லை. நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்னும் புரதத்தின் பரம்பரையலகை 1993 இல் அகமத், காஷ்மோர் ஆகியோர் இனங்கண்டனர். டார்வின் கண்ட வளைதலுக்குக் காரணமான 'கண்' வேறொன்று. அதன் கதையில் ஓர் இந்தியருக்கும் பங்குண்டு. பின்னாளிற் டில்லிப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய ஜிதேந்திர பால் குரானா, அமெரிக்காவில் கென்னத் போவ் என்பவருடன் ஆராய்ந்தபோது, நீல ஒளியை நோக்கிச் செவ்வனே வளையாத அராபிடொப்சிஸ் திரிபுகளை 1989 இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று 'ஜேகே-224' எனப்பட்டது. 1997 இல் வின்ஸ்லோ பிரிக்ஸின் ஆய்வுகூடத்தார் அவ்வளைதலுக்குரிய பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். குரானாவின் திரிபிலும் பழுதுற்றிருந்தது அதே அலகேயென்பது புலனாயிற்று. அப்புரதம் இன்று போட்டோற்றோப்பின் என வழங்குகின்றது.

புதுடில்லியிலுள்ள தாவர மரபுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தில் சுதீப் சட்டோபாத்யாயும் அவர்தம் மாணவரும் ஆற்றிய பணியும் இத்துறையில் நன்கு அறியப்பட்டது. ஒளியால் இயக்கப்படும் பரம்பரையலகுகளின் தலைவாயிலிலே வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் யாவை என அவர்கள் தேடினர். 2005 இல் அவர்கள் வெளியிட்ட முடிபின்படி, 'மிக்-2' என்னும் புரதம் நீல ஒளியிலே முளையின் ஒளிக்கோலத்தை அளவோடு அடக்கிவைக்கின்றது. அப்புரதம் இல்லாத முளைகள் நீல ஒளியில் வழக்கத்திலும் குட்டையாகிவிடுகின்றன. இதே புரதம் காயமுற்ற செடி எழுப்பும் எச்சரிக்கைகளிலும் பங்குகொள்வது. ஆகவே ஒளிச்செய்தியும் ஆபத்துச்செய்தியும் ஒரே மேசையில் வந்து கூடுகின்றன எனலாம். 2008 இல், கல்சியத்தை உணரும் புரதமாகவே முன்னர் அறியப்பட்டிருந்த கல்மொடியூலின் வகையுள் ஏழாவது, கருவினுட் பரம்பரையலகின் வாயிலில் நேரே ஒட்டிநின்று ஒளிக்கோலத்தை வளர்க்கின்றது என்பதையும் அவர்கள் காட்டினர்.

முட்டுக்கட்டை ஒன்றன்று, பல. அவற்றை எடுப்போரும் பலர். ஏன் இத்தனை? நண்பகல் வெயில், மேகமூட்டம், மரநிழல், அந்தி என ஒளி ஒவ்வொரு நேரத்தும் வேறாகின்றது. அதற்கேற்ப வளர்ச்சியை நிறுத்து அளக்க வேண்டியிருத்தலால், தராசில் இருபுறமும் படிக்கற்கள் பல வேண்டியிருக்கின்றன.

நாற்றுமேடையில் இதன் பயன்

இவை யாவும் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியன என்று கருதற்க. நெல்லியடிச் சந்தைக்கு மிளகாயும் கத்தரியும் தக்காளியும் கோவாவும் கொண்டுவரும் குடும்பங்கள், ஆண்டின் உழைப்பை ஒரு சிறு நாற்றுமேடையிலிருந்தே தொடங்குகின்றன. அங்கே நேரும் தவறு அறுவடை வரை தொடர்வது.

விதைத்த மேடையை வைக்கோலாலோ கிடுகாலோ மூடுவது நல்ல வழக்கம். ஈரம் காக்கும், பறவையைத் தடுக்கும். ஆனால் முளை தலைகாட்டிய பின்னும் இரண்டொரு நாள் மூடியே கிடப்பின், கொப்-1 தன் காவலை விடாது. தண்டு நூல்போல் நீண்டுவிடும். "நன்றாகக் கிளம்பிவிட்டது" என்று நாம் மகிழ்வோம். அந்த நெடுமை செழிப்பன்று; கையிருப்பு உணவு தண்டிலே செலவாகிப்போனதன் அடையாளம். அத்தகைய நாற்று மழைத்துளிக்கும் சாய்ந்துவிடும். ஈரமண்ணிற் படிந்து அழுகல் நோய்க்கும் எளிதில் இரையாகும். அன்றியும், இருளிற் சேர்ந்திருக்கும் பச்சையத்தின் முன்னோடிப் பொருள் கடும் வெயிலில் தீங்கு விளைக்க வல்லது. ஆதலின் மூடியை முதல் முளை கண்டவுடன், மாலைப்பொழுதில் நீக்குதலே தக்கது.

புகையிலை வித்துக்கு ஒளியின் தேவை முளைப்பதற்கு முன்னரே உண்டு. ஒரு கிராம் நிறையிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வித்துகள் அடங்கும்; அத்துணை சிறிய வித்தில் உணவு எவ்வளவு இருக்கும்? ஆழத்தில் முளைத்தால் அது மேற்பரப்பை எட்டவே மாட்டாது. எனவே புகையிலையின் பல வகைகளில், பைற்றோகுரோம் ஒளியைக் கண்டு 'மேற்பரப்பு அருகில்' என உறுதி கூறிய பின்னரே வித்து முளைக்கின்றது. சிறு வித்துகளை மணலோடு கலந்து மேலாகத் தூவுவதன் நியாயம் இதுவே. பயறு, பூசணி போன்ற பெரிய வித்துகளுக்குக் கட்டுச்சோறு மிகுதியாதலால் அவை இருளிலும் அஞ்சாது முளைக்கின்றன.

நெருக்கமாக விதைப்பதிலும் இச்சேதி உண்டு. பச்சை இலை சிவப்பொளியை உண்டுவிட்டுத் தூரச்சிவப்பைக் கடத்தியும் தெறிக்கவும் விடுகின்றது. திறந்த வெளியில் இவ்விரு ஒளியும் ஏறத்தாழச் சமமாயிருக்க, அடர்ந்த இலைநிழலிற் சிவப்பு மிகவும் குன்றிவிடும். பைற்றோகுரோம் இவ்வேறுபாட்டை அளந்து, அயலவர் உளர் எனத் தெரிந்துகொள்கின்றது. நிழல் விழுமுன்னரே, அயற்செடியிலிருந்து தெறித்து வரும் தூரச்சிவப்பைக் கொண்டே நாற்று நெடிதாகத் தொடங்குகின்றது என்பதை ஆர்ஜென்டீனா நாட்டுப் பலாரே முதலியோர் 1990 இற் காட்டினர். நெருங்கிய நாற்றை வேளையோடு கலைத்துவிடாத தோட்டத்திலே, செடிகள் ஒன்றையொன்று முந்தும் போட்டியில் யாவும் மெலிகின்றன.

களைகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. மண்ணுக்குள் நெடுங்காலம் உறங்கும் களைவித்து, நிலத்தைக் கொத்தும்போது கணப்பொழுது வெயிலைக் கண்டதும் விழித்துக்கொள்கின்றது. செருமனியில் ஹாட்மன், நெசடால் என்போர் இரவில் உழுது பார்த்து, களை வெகுவாகக் குறைந்ததாக 1990 இல் அறிவித்தனர். ஏனைய இடங்களில் அதே பயன் எப்போதும் கிட்டவில்லையாயினும், காரணத்தை அறிந்தார்க்கு முயன்று பார்க்க ஒரு வழி திறந்துள்ளது.

வீட்டில் ஒரு சோதனை

பிள்ளைகளுள்ள வீடுகளில் இதனைச் செலவின்றிச் செய்து காட்டலாம். மூன்று சிரட்டைகளில் ஈரமண் இட்டு, ஊறிய பயறு பத்துப் பத்தாக விதையுங்கள். ஒன்றை முற்றத்து ஒளியில் வையுங்கள். மற்றிரண்டையும் ஒளி புகாத பெட்டிக்குள் மூடுங்கள். மூன்றாம் நாள் தொடக்கம், பெட்டியிலுள்ள ஒரு சிரட்டையை மட்டும் நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளிச்சத்துக்கு எடுத்து, மீண்டும் மூடிவிடுங்கள். ஆறாம் நாள் மூன்றையும் அருகருகே வைத்து அடிமட்டத்தால் அளவுங்கள். பத்து நிமிட ஒளி கண்ட முளைகள், காணாதவற்றைவிடக் குறுகி, கொக்கி நிமிர்ந்து, இலை சற்றே விரிந்து நிற்பதைக் காண்பீர்கள். அந்தப் பத்து நிமிடம் உணவு கொடுத்ததன்று, சொல் கொடுத்தது என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.

பாலிகையிலே முளையிட்ட நம் முன்னோர் அதனை வாழ்வின் தொடக்கத்துக்கு அடையாளமாகக் கொண்டனர். இருளிற் பொறுத்திருந்து, தன்னிடமுள்ளதைச் சிக்கனமாகச் செலவிட்டு, ஒளியின் முதற்சொல் கேட்டதும் தாமதமின்றித் தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் ஓர் உயிர் அந்தச் சிறு சட்டிக்குள் இருக்கின்றது. அடுத்த நவராத்திரியிற் கும்பத்தருகே நீர் தெளிக்கும்போது, அம்மஞ்சள் முளைகளைக் குழந்தைகளுக்குக் காட்டி, அவை எதற்காகக் காத்திருக்கின்றன என்று கேளுங்கள். நாற்றுமேடை உள்ளவர்களோ, நாளைக் காலையிலேயே கிடுகைத் தூக்கிப் பார்த்துவிடுவது நன்று.